சேந்தன் அமுதனுக்கு ஒரு வரிகூட இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் சோழர் காலக் காதல் கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நந்தினி, கரிகாலன், குந்தவை, வந்தியத்தேவன் என்று நாலு பேரோடு முடித்துவிட்டீர்கள். ‘பொன்னியின் செல்வ’னில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஜோடி சேந்தன் அமுதனும் பூங்குழலியும்தான். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

தஞ்சாவூரில் வாய் பேச முடியாத தாய் வாணியோடு குடிசையில் இருந்துகொண்டு, பூப்பறித்து மாலை கட்டித் தளிக்குளத்தார் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளை அவன். மாமன் மகள் பூங்குழலி மேல் உயிரையே வைத்திருக்கிறான், அவளோ கோடிக்கரையில் படகு ஓட்டிக்கொண்டு பின்னாளில் ராஜராஜ சோழரான அருள்மொழிவர்மரையே நினைத்திருக்கிறாள். இந்த அமுதன்தான் சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் அவர் ராணி செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன், உயிரில்லை என்று நினைத்துப் புதைக்கக் கொடுத்த குழந்தையை வாணிதான் காப்பாற்றி வளர்த்தாள் என்று கல்கி கடைசியில் அவிழ்க்கிறார். ராஜ குலம் என்று தெரிந்த பிறகும் அவன் குணம் மாறுவதில்லை. ராணியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் அரண்மனையே வேண்டாம் என்று மனம் மாறி அவனை ஏற்றுக்கொள்கிறாள். அப்புறம்தான் கிரீடம் வருகிறது. அந்த வரிசை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

இது காதலுக்காக மட்டும் வைத்த திருப்பமும் இல்லை. சரித்திரத்தில் அருள்மொழியின் தந்தை சுந்தர சோழருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழர், 985 வரை சுமார் 15 ஆண்டுகள் ஆண்டார். மக்கள் வேண்டிக் கேட்டும், சிற்றப்பன் உத்தம சோழருக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி மறுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. சரி, நாவலில் கண்டராதித்தர் மகனாக அரண்மனையில் வளர்ந்து, சிற்றரசர்களான பழுவேட்டரையர்களின் கைப்பாவையாக இருக்கும் மதுராந்தகனுக்கு நாட்டை விட்டுக்கொடுத்தால் அதைத் தியாகம் என்று எந்த வாசகர் ஏற்பார்? அதற்காகத்தான் ஆள் மாறியது. கிரீடத்துக்குத் தகுதியான ஒருவனைக் குடிசையிலிருந்து கொண்டுவந்து உத்தம சோழராக்கினார் கல்கி.

2023-இல் வந்த இரண்டாம் பாகப் படத்தில் இந்த முடிச்சே கிடையாது, மதுராந்தகனே முடிசூடுகிறான். ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடக்குவது கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகள் உத்தம சோழர் என்றாலே சதிகாரர் என்கிறார்கள், கேட்கவே சங்கடமாக இருக்கிறது. அவர் பெயர் பொறித்த காசு கிடைத்திருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் செம்பியன்மாதேவி என்று அவர் தாயார் பெயரிலேயே இருக்கும் ஊரில், கோயிலுக்கு அவருடைய தேவியர் பலர் கொடுத்த கொடைகள் கல்வெட்டில் இருக்கின்றன. பூங்குழலி கற்பனைதான், அந்தத் தேவியரில் அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால் உத்தம சோழர் நிஜம். அவரைப் பற்றியும் அவர் தாயார் கற்றளிகளாக, அதாவது கல் கட்டடங்களாக மாற்றிய கோயில்களைப் பற்றியும் அடுத்த இணைப்பிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை