கேட்காமல் இருக்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனிமனித சுதந்திரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசாங்கம் யார் வாயையும் அடைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது முழுக்கச் சரி. அக்கம்பக்கத்தாரின் சுதந்திரம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது மட்டும் குறையாகப் பட்டது. அதனால்தான் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றி இந்தக் கடிதம்.

நான் நூற்பாலைத் தொழிலாளி. மாதத்தில் பத்து நாள் முழு நைட். காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தால் மதியம் இரண்டு மணி வரையாவது தூங்க வேண்டும். தூங்காமல் போய், ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கண் அசந்தால் விரல் போய்விடும்.

சித்திரையில் எங்கள் தெருக் கோயிலில் பொங்கல். ஐந்து நாளும் காலை ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டுவிட்டார்கள். மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஒன்று நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னல் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். நெஞ்சுக்கூடே அதிரும்போது பஞ்சு என்ன செய்யும்?

மூன்றாம் நாள் விழாக் கமிட்டியில் இருக்கும் பெரியவரிடம் போய், "அண்ணே, சவுண்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றேன். "வருஷத்துக்கு ஒரு தரம் சாமி கும்பிடுறோம் தம்பி, அதுக்குக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே மனம் வருந்திக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன்.

மத சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் ஆரம்பிக்கிறது. உடல்நலம் என்ற சொல் அங்கே இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம் ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-இல் தீர்ப்பானது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றார்கள் நீதிபதிகள். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு ஒரு தேவாலயம். தீர்ப்பு எல்லா வழிபாட்டு இடங்களுக்கும்தான்.

2005-இல் வந்த இன்னொரு தீர்ப்புதான் என்னை உலுக்கியது. பதிமூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது அவள் போட்ட கூச்சல், பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியில் அமுங்கிப் போனது. அன்று மாலையே அவள் தீ வைத்துக்கொண்டு இறந்தாள். அதைச் செய்தித்தாளில் படித்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோலக் கேட்க மறுக்கவும் மற்றவருக்கு உரிமை உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பிடிக்காத காட்சி என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு ஏது இமை?

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபலையும் இரவில் 45-ஐயும் தாண்டக் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் யார் போய்ப் புகார் கொடுப்பது? கொடுத்தால் மறுநாளே தெருவுக்கே பெயர் தெரிந்துவிடும், அப்புறம் நல்லது கெட்டதுக்கு யார் வீட்டு வாசலை மிதிப்பது?

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் என் மகள் சடங்குக்கு நானும் மைக் செட் கட்டினேன். எதிர்வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. அந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குச் சம்மதம் என்றே அன்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சித்திரையில்தான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்காக ஒலிபெருக்கியே கூடாது என்று நான் கேட்கவில்லை. மில் வாசலில் போனஸ் கேட்டுக் கூட்டம் போடும்போது எங்களுக்கும் மைக் வேண்டும். சத்தத்தைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்துக்கு அனுமதி மறுத்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன். சத்தத்தின் அளவுக்கு வரம்பு வைக்கட்டும், பேசுகிற விஷயத்தில் கைவைக்க வேண்டாம். இந்த இரண்டையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. அந்த அனுமதிக் கடிதத்தை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தம் என்று பெரிய எழுத்தில் எழுதி, மைக் செட் ஆம்ப்ளிஃபயர் மேஜைக்கு முன்னாலேயே தொங்கவிடச் சொல்லலாம். அப்போது தெருவில் யாரும் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்காது. ஆடி மாதம் வருவதற்குள் இதைச் செய்யும்படி மாவட்ட நிர்வாகத்தை உங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூற்பாலைத் தொழிலாளி ஒருவர்,
ராஜபாளையம்.