ஸ்டீரியோ என்று விற்கப்பட்ட ரிவெர்ப் பெடல் குறித்த புகார்

அனுப்புநர்:
கீபோர்டு கலைஞர்,
கோபிசெட்டிபாளையம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: விளம்பரத்தில் கூறியபடி இயங்காத டிஜிட்டல் ரிவெர்ப் பெடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரக் கோருவது, சேவை மையம் உத்தரவாதத்தை மறுத்ததை மறுபரிசீலனை செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் கடந்த தை மாதம் ரூ.14,500 செலுத்தி நான் வாங்கிய டிஜிட்டல் ரிவெர்ப் பெடலில் (ஒலிக்கு மண்டபத்தின் எதிரொலி போன்ற நிறைவைச் சேர்க்கும், காலால் இயக்கும் கருவி), தங்கள் விற்பனைப் பக்கம் உறுதியளித்த முக்கியமான தன்மைகள் இல்லை. இதை எழுத்து மூலம் தெரிவித்துப் பெடலையும் அனுப்பி வைத்த பிறகு, தங்கள் சேவை மையம் அதைத் திறந்து பார்த்ததற்கான எந்தக் குறிப்பும் இல்லாமல், நான் வெளியில் வாங்கிய அடாப்டரே காரணம் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த ஒரு வரி எந்த வகையில் பொருந்தாது என்பதை விளக்கவே இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் இன்னிசைக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். பங்குனி, சித்திரை மாதங்களில் பவானி தொடங்கி தாராபுரம் வரை மாரியம்மன் பண்டிகை மேடைகளில் எங்களுக்கு வேலை இருக்கும். மற்ற நாட்களில் வீட்டிலேயே பக்திப் பாடல்களுக்கு இசை சேர்த்துப் பதிவு செய்து தருகிறேன். கோயில் திடல் திறந்தவெளி என்பதால் அங்கே ஒலி எங்கும் மோதித் திரும்பி வராது. மண்டபத்தில் நிறைவாகக் கேட்கும் அதே வயலின் ஒலி, திடலில் வாசித்தால் வறண்டுபோய்க் கேட்கும். ஆகவே எங்களுக்கு ரிவெர்ப் என்பது அலங்காரம் அன்று, அன்றாடத் தேவை. தகரக் கூரையும் மொட்டைச் சுவரும் கொண்ட கல்யாண மண்டபங்களுக்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அங்கே ரிவெர்ப்பைக் கிட்டத்தட்ட அணைத்தே வைக்க வேண்டியிருக்கும். அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி காலாலேயே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் வசதி வேண்டும் என்பதால்தான் பெடல் வாங்கத் தீர்மானித்தேன்.

சந்தையில் உள்ள ரிவெர்ப் பெடல்களில் பெரும்பாலானவை கிட்டாரை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. கிட்டாரிலிருந்து வருவது ஒற்றை ஒலித்தடம். அதன் அளவும் சிறியது. கீபோர்டிலிருந்து இடது, வலது என இரண்டு தடங்கள் வருகின்றன. அவற்றின் அளவும் பல மடங்கு பெரியது. இந்த இரண்டு வேறுபாடுகளையும் தாங்கும் பெடல்தானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் கீபோர்டுக்காரர் எவரும் பணம் கட்ட முடியாது. தங்கள் பக்கத்தில் “ஸ்டீரியோ உள்ளீடு, ஸ்டீரியோ வெளியீடு” என்றும், “கிட்டார், கீபோர்டு, சிந்தசைசர் அனைத்துக்கும் ஏற்றது” என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அத்துடன் நிற்காமல், வாங்குவதற்கு முன்பே, கீபோர்டின் இரண்டு தடங்களும் கடைசி வரை தனித்தனியாகவே செல்லுமா என்று தங்கள் உதவிப் பிரிவிடம் கேட்டேன். “ஆம், முழுமையான ஸ்டீரியோ” என்று பதில் வந்தது. அந்த உரையாடலின் படியும் விற்பனைப் பக்கத்தின் அன்றைய படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

குறை முதலில் வெளிப்பட்டது ஒரு பண்டிகை மேடையில்தான். அன்று மைக் செட் அமைத்தவர் இரு பக்க ஒலிபெருக்கிகளையும் தனித்தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒலிச் சோதனையின்போது அவரே என்னை நிறுத்தி, “ஏனுங்க, பியானோ நடுவுலயே நிக்குதுங்க, ரெண்டு வயரும் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். இரண்டு வயரும் சரியாகவே செருகப்பட்டிருந்தன. பெடலைக் கழற்றிவிட்டுக் கீபோர்டை நேராக மிக்சரில் கொடுத்தபோது பியானோவின் கீழ்ச்சுரங்கள் இடப்பக்கமும் மேல்சுரங்கள் வலப்பக்கமும் உரிய இடத்தில் கேட்டன. பெடலைச் சேர்த்ததும் எல்லாம் மீண்டும் நடுவில் குவிந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து இதை முறையாகச் சோதித்தேன். கீபோர்டின் இடது வயரை மட்டும் பெடலின் இடது ஜாக்கில் செருகி, வலது ஜாக்கில் ஒலியில்லாத வயரைச் செருகி, மூல ஒலியோடு ரிவெர்ப் எவ்வளவு சேர வேண்டும் என்பதை மாற்றும் மிக்ஸ் குமிழை முற்றிலும் குறைத்து வாசித்தேன். பெடல் உண்மையிலேயே ஸ்டீரியோவாக இருந்திருந்தால் இடது வெளியீட்டில் மட்டுமே ஒலி வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வெளியீடுகளிலும் ஒரே அளவில் ஒலி வந்தது. ஆர்கன் ஒலியில் சுழலும் ஒலிபெருக்கியின் விளைவை வைத்துப் பார்த்தேன். இடமும் வலமுமாகச் சுற்றி வர வேண்டிய ஒலி ஒரே இடத்தில் நின்று அளவு மட்டும் ஏறி இறங்கியது. ஆக, இந்தப் பெடலில் ஜாக்குகள் இரண்டு இருந்தாலும், உள்ளே நுழைந்த உடனே இரண்டு தடங்களும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. பிறகு ரிவெர்ப் ஒலி மட்டும் இரண்டாகப் பிரித்து வெளியே அனுப்பப்படுகிறது.

இதனால் ஏற்படும் இழப்பு இடம், வலம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஸ்டீரியோ பியானோ ஒலிகள் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்யப்படுபவை. ஒரே கம்பியின் ஒலி இரண்டு மைக்குகளையும் சற்றே முன்பின்னான நேரத்தில் சென்றடைகிறது. அவ்விரண்டையும் வலிந்து ஒன்றாக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பியானோவின் நடுப்பகுதி குடைந்தெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. எல்லா மேடைகளிலும் ஸ்டீரியோ வசதி கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அத்தகைய மேடையில் எந்தத் தடத்தைக் கொடுப்பது என்பதை நானே முடிவு செய்துகொள்வேன். வீட்டுப் பதிவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை; பெடல் வழியே பதிவு செய்த பியானோவைப் பாட்டுக்குப் பின்னால் வைக்கவே முடியவில்லை.

இதைத் தெரிவித்தபோது தங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த முதல் பதில், பழைய பிளேட் ரிவெர்ப்களிலும் (உலோகத் தகட்டை அதிரவைத்து ரிவெர்ப்பை உண்டாக்கும் கருவிகள்) உள்ளீடு ஒற்றைத் தடம்தான், இது அந்த மரபைப் பின்பற்றியது என்பதாகும். தங்கள் விற்பனைப் பக்கத்திலும் 1957-இல் ஜெர்மனியில் வந்த பிளேட் ரிவெர்ப்பான இஎம்டி 140 பற்றியும், 1976-இல் வந்த டிஜிட்டல் ரிவெர்ப் கருவியான இஎம்டி 250 பற்றியும், அதே வகையைச் சேர்ந்த 1978-இன் லெக்சிகான் 224 பற்றியும் ஆர்வத்துடன் எழுதியிருக்கிறீர்கள். இஎம்டி 140-இன் எஃகுத் தகட்டை ஒரே அதிர்விப்பான்தான் அதிரவைத்தது என்பது உண்மையே. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூல ஒலியை யாரும் அந்தத் தகட்டுக்குள் செலுத்தி எடுக்கவில்லை. மூல ஒலி மிக்சரில் தன் போக்கில் ஸ்டீரியோவாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் தகட்டுக்குச் சென்று, திரும்பி வரும் ரிவெர்ப் மட்டும் மூலத்தோடு சேரும். ரிவெர்ப்பை ஒற்றைத் தடத்திலிருந்து உருவாக்குவதை நான் குறை சொல்லவில்லை. நல்ல பெடல்கள் சிலவும் அப்படியே செய்கின்றன. தங்கள் பெடல் மூல ஒலியையும் சேர்த்து ஒற்றைத் தடமாக்கிவிடுகிறது என்பதே என் புகார். ஒரு காலத்துக் கருவியின் பெருமையைச் சொல்லி இன்றைய கருவியின் குறையை மூடுவது முறையன்று.

அப்படியானால் அந்தப் பழைய முறையிலேயே பயன்படுத்தலாமே என்று, பெடலை மிக்சரின் ஆக்ஸ் (ஒலியின் ஒரு பங்கை வெளிக்கருவிக்கு அனுப்பும் தனி வழி) வழியாக இணைத்தும் பார்த்தேன். இதற்கு மூல ஒலியை முற்றிலும் நீக்கி ரிவெர்ப்பை மட்டும் வெளியிடும் வசதி வேண்டும். கையேட்டின்படி மிக்ஸ் குமிழை முழுதும் வலப்புறம் திருப்பினால் அது கிடைக்க வேண்டும். முழுதும் திருப்பிய பிறகும் மூல ஒலி பின்னணியில் தெளிவாகக் கேட்கிறது. டிஜிட்டலாக மாறித் திரும்பி வரும் அந்த ஒலி ஓரிரு மில்லி நொடி தாமதமாக வருவதால், மிக்சரில் உள்ள நேரடி ஒலியோடு மோதி, குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோன்ற ஒரு தொனியை உண்டாக்குகிறது. ஆக, இருந்த ஒரே மாற்றுவழியும் அடைபட்டுவிட்டது.

அடுத்தது ஒலியின் அளவு. தொழில்முறைக் கருவிகளின் லைன் அளவு, அதாவது ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் ஒலியின் மின்னழுத்தம், பொதுவாக +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளில் −10 டிபிவி, அதாவது சுமார் 0.32 வோல்ட். கீபோர்டுக்கு ஏற்றது என்று விற்கும் பெடல் இவற்றைத் தாங்க வேண்டும், அல்லது தாங்கும் உச்ச அளவு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தங்கள் கையேட்டில் இஎம்டி பற்றிய கதை உண்டு. உச்ச உள்ளீட்டு அளவு எங்குமே இல்லை. கீபோர்டின் ஒலிக் குமிழைப் பாதிகூடத் திருப்பாத நிலையிலேயே, இரு கைகளாலும் சேர்த்து ஒரு கார்டு (பல சுரங்கள் ஒருசேர) பிடித்தால் ஒலி நொறுங்குகிறது. கிட்டார் ஆம்ப்ளிபயரில் வரும் கரகரப்பைப் போல அதை ரசிக்க முடியாது, ஏனெனில் டிஜிட்டல் மாற்றியின் எல்லையைத் தாண்டிய ஒலி மேலும் கீழும் வெட்டுப்பட்டு முள்ளாகக் குத்துகிறது. கீபோர்டைக் குறைத்து மிக்சரில் கூட்டினால் இரைச்சல் ஏறிவிடுகிறது. விருத்தம் பாடும் இடத்தில் அந்த இரைச்சல் முன்வரிசைக்கே கேட்கும்.

பெடலை அணைக்கும்போது ரிவெர்ப்பின் வால் இயல்பாகத் தேய்ந்து மறையும் என்பதும் விளம்பரத்தில் இருந்தது. இங்கே ‘டக்’ என்று அறுபடுகிறது. அதே பக்கத்தில் ட்ரூ பைபாஸ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரூ பைபாஸில் ஒலி விளைவுச் சுற்றைவிட்டு முழுவதுமாகத் துண்டிக்கப்படுகிறது. வால் மறையும் வரை ஒலிக்க வேண்டுமானால் அந்தச் சுற்று வெளியீட்டோடு இணைந்தே இருக்க வேண்டும். இரண்டில் எது வேண்டுமென்று தேர்ந்தெடுக்கச் சில பெடல்களில் சுவிட்ச் உண்டு, தங்களுடையதில் இல்லை. தேர்வுக்கு வழியில்லாத பெடலுக்கு இரண்டையும் ஒருசேர விளம்பரப்படுத்தியிருப்பது, அதை எழுதியவர் பெடலைப் பார்த்தாரா என்ற ஐயத்தையே எழுப்புகிறது.

இனி அடாப்டர். பெட்டிக்குள் அடாப்டர் வைக்கப்படவில்லை. தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். 9 வோல்ட் டிசி, மையமுனை நெகட்டிவ், 300 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்பதே கையேட்டின் நிபந்தனை. எந்த நிறுவனத்தின் அடாப்டர் என்ற கட்டுப்பாடு கிடையாது. நான் கோயம்புத்தூரில் வாங்கியது 9 வோல்ட், மையமுனை நெகட்டிவ், 500 மில்லி ஆம்பியர். கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டர் பெடலுக்குள் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஈரோட்டில் ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பெடல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரில் அளந்து பார்த்தோம். 9 வோல்ட் சற்றும் இறங்காமல் நின்றது. அவர் எழுதித் தந்த குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

அடாப்டர் சரியில்லை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், மின்சாரம் போதாத பெடல் இரையும், தடுமாறும், அணைந்து எரியும். இடது தடத்தையும் வலது தடத்தையும் ஒன்றாகச் சேர்க்காது. அது சுற்றை வடிவமைத்தவரின் முடிவு. பெட்டியைவிட்டு வெளியே வந்த அன்றே இருந்த தன்மையை, பிற்பாடு ஏற்பட்ட பழுதாகக் கணக்கெழுதி, அதன் பழியையும் வாங்கியவர் தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் கோரிக்கைகள் இவை. பெடலைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும், சேவை மையத்துக்கு அனுப்ப நான் கொடுத்த கூரியர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பெடல் தருவதாக இருந்தால் அது மூல ஒலியை ஸ்டீரியோவாகவே கடத்தும் வகையாகவும், உச்ச உள்ளீட்டு அளவு எழுத்தில் குறிப்பிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இதே வகையில் இன்னொன்றைத் தருவதால் பயனில்லை. விற்பனைப் பக்கத்தில் உள்ளீடு மோனோ (ஒற்றைத் தடம்) என்று திருத்தப்பட வேண்டும். உத்தரவாதம் மறுக்கப்பட்டதற்கான காரணத்தை, பெடலைச் சோதித்த விவரத்துடன் எழுத்தில் தர வேண்டும். சோதிக்கவே இல்லை என்றால் அதையும் எழுத்தில் தர வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள் 2020-இன்படி, குறைதீர் அலுவலர் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். என் முந்தைய புகாருக்கு வந்ததெல்லாம் தானியங்கிப் பதில்களும் பிளேட் ரிவெர்ப் பற்றிய அந்த விளக்கமும் மேற்சொன்ன ஒற்றை வரியும்தான். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவதோடு மின்னஞ்சலிலும் அனுப்பியுள்ளேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையெனில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் தம் ஊரிலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன். பெடலை, பெட்டி, கையேடு, வாங்கிய ரசீது ஆகியவற்றுடன் பத்திரமாக வைத்திருக்கிறேன்; தங்கள் பிரதிநிதி எவரேனும் நேரில் வர விரும்பினால், மேலே சொன்ன ஒற்றை வயர் சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்துகாட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீபோர்டு கலைஞர்,
கோபிசெட்டிபாளையம்.