பற்களைத் தேய்த்துவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அலுமினியம்–மக்னீசியம் கலவையின் இழுவிசைச் சோதனை, அதாவது துண்டை இழுத்து நீட்ட நீட்ட அதற்கு வேண்டிய விசையைக் கோடாக வரைவது; கோடு நெடுக ரம்பப் பற்கள். கீழே உன் குறிப்பு: "இயந்திரம் நடுங்குகிறது அம்மா, மென்பொருளில் தேய்த்து நேராக்கிவிடுகிறேன்." தயவுசெய்து தேய்த்துவிடாதே. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே சந்தேகத்தில் இரண்டு நாள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன். பிடிகளைக் கழற்றி மாட்டினேன், எண்ணெய் வால்வைத் துடைத்தேன். பற்கள் போகவில்லை. கடைசியில் அலுத்துப்போய் கலப்பில்லாத அலுமினியத் துண்டு ஒன்றை அதே பிடிகளில் மாட்டி இழுத்தேன். கோடு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. இயந்திரத்தின் மேல் பழி போட்டதற்கு அன்று வெட்கப்பட்டேன். நாளை காலை முதல் வேலையாக நீயும் அதைச் செய்து பார்.

இந்தப் பற்கள் தோன்றுவதற்குப் போர்ட்டவின்–லெ ஷாத்தலியே விளைவு என்று பெயர். அந்த இருவரும் 1923இல் அலுமினியக் கலவைகளில் இதை விவரித்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, எடையைத் தொங்கவிட்டு உலோகத்தை நீட்டியவர்கள் நீட்சி படிக்கட்டுபோல் ஏறுவதைக் கவனித்திருந்தார்கள். அது படி, உன்னுடையது பல்; இரண்டும் ஒன்றுதான். எடையைக் கூட்டிக்கொண்டே போனால் நீட்சி தாவும். நீட்சியைச் சீராக நடத்தினால் விசை சரியும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். உலோகம் நிரந்தரமாக உருமாறுவது அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள், அதாவது டிஸ்லொகேஷன்கள், நகர்வதால். அவை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஒரு தடையில் நிற்கும், சற்றுக் காத்திருக்கும், பிய்த்துக்கொண்டு அடுத்த தடைக்குப் பாயும். நிற்கும் அந்த நேரத்தில் சுற்றியுள்ள மக்னீசிய அணுக்கள் மெல்ல நகர்ந்து வந்து அதைச் சூழ்ந்து பூட்டிவிடுகின்றன. பூட்டை உடைக்க அதிக விசை வேண்டும். உடைந்ததும் ஒரு கூட்டமே சேர்ந்து ஓடும். விசை சட்டென்று விழும். அதுதான் உன் கோட்டின் ஒரு பல்.

நீ எவ்வளவு மெதுவாக இழுக்கிறாயோ அவ்வளவு நேரம் அவை தடையில் நிற்கும், பூட்டும் இறுகும். வேகமாக இழுத்தால் அணுக்கள் வந்துசேர நேரமில்லை. சாதாரணமாக உலோகத்தை விரைவாக இழுத்தால் அது கூடுதலாக எதிர்க்க வேண்டும். இங்கே எதிர்ப்பு குறைகிறது! எந்த இடம் தற்செயலாகச் சற்று விரைந்ததோ அது இளகி இன்னும் விரைகிறது. மற்ற இடங்கள் சும்மா நிற்கின்றன. ஆகவேதான் உருமாற்றம் துண்டு முழுவதும் பரவாமல் ஒரு குறுகிய பட்டையில் போய்க் குவிகிறது.

வெப்பநிலை இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து மாற்றுகிறது. சூடு ஏறினால் அணுக்கள் விரைந்து நகரும். ஆகவே சூடேற்றுவதும் வேகத்தைக் குறைப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும். மிகவும் குளிர்வித்தால் அணுக்களால் வந்துசேர முடியாது. மிகவும் சூடேற்றினால் பூட்டு நிலைக்காது. இரண்டு கோடியிலும் பற்கள் மறையும். உன் கலவைக்கு அறை வெப்பநிலையே தோதான இடம். மென் எஃகில் இதே வேலையைக் கார்பனும் நைட்ரஜனும் செய்கின்றன, சுமார் 100 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் எஃகின் மேற்பரப்பு நீலம் பூக்கும், வலிமை கூடும், நீளும் தன்மை குறையும். "நீல நொறுங்குமை" என்ற பழைய பெயர் அதனால் வந்தது.

பற்களின் வடிவத்தையும் படி. உயர் வேகத்தில் பட்டை துண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைபோல் ஓடும். நடுத்தர வேகத்தில் தத்தித் தத்திப் போகும். மிக மெதுவாக இழுத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும், சரிவுகளும் ஆழமாக இருக்கும். இவற்றை ஏ, பி, சி என்று வகைப்படுத்துவார்கள். ஒரு கண்ணி உண்டு: வேகத்தைக் குறைக்கக் குறைக்கப் பற்கள் முன்னதாகவே தொடங்கும் என்பது ஓரளவுக்குத்தான் சரி. இன்னும் மெதுவாகப் போனால் அது தலைகீழாகித் தொடக்கம் தள்ளிப்போகும். நான் இதில் ஏமாந்திருக்கிறேன்.

இது வெறும் வரைபடச் சமாச்சாரம் என்று எண்ணாதே. அந்தப் பட்டைகள் தகட்டின் முகத்தில் வரிகளாகத் தெரியும். வண்ணம் பூசினாலும் மறையா. கார்களின் வெளித் தகட்டுக்கு மக்னீசியம் மிகுந்த கலவைகளைத் தவிர்த்து, அவற்றைக் கண்ணில் படாத உட்பகுதிகளுக்கு ஒதுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

துண்டின் அளவு நீளம், அதாவது நீட்சியை அளக்கும் பகுதியின் நீளம், 50 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாய். நிமிடத்துக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் தொடங்கு. அது நொடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு திரிபு, அதாவது அந்த நீளத்தில் அவ்வளவு பங்கு நீட்சி. பிறகு பத்து மடங்கு கூட்டு, பத்து மடங்கு குறை. தரவுப் பதிவின் வேகத்தையும் பார்த்துக்கொள். நொடிக்கு ஒரு புள்ளி மட்டும் பதிந்தால் பாதிப் பற்கள் காணாமல் போகும். வடிகட்டாத மூலக் கோப்புகளை அப்படியே எனக்கு அனுப்பு. கண்ணாடியைத் துடைத்துவைத்துக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா