திவோலி: அருவி முதலில், ஒயின் கடைசியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பா சுற்றப் போகும் தமிழ்க் குடும்பங்கள் ரோமில் மூன்று நான்கு நாள் தங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதில் ஒரு நாளை ஊருக்கு வெளியே கழிக்கலாம் என்று, 'அருவி, தோட்டம், ஒயின் சுவைப்பு, தனி கார்' என விற்கப்படும் பயணத்தைப் பலரும் எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது திவோலியும் ஃபிராஸ்காத்தியும்தான். இரண்டுமே போக வேண்டிய ஊர்கள். ஆனால் விளம்பரங்களில் வரும் நிரலைப் பார்த்தால், நடுப்பகலில் ஒயின், மாலையில் அருவி என்று தலைகீழாக இருக்கிறது. பயணம் கெடுவது அங்கேதான். பயண ஏற்பாட்டுத் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில், பணம் கட்டுமுன் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில், தனி கார் தேவையா? ரோமிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திவோலி. தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஃபிராஸ்காத்தி. இரண்டுக்கும் ரோமிலிருந்து ரயில் உண்டு. ரோம்–ஃபிராஸ்காத்தி பாதை 1856-லேயே போடப்பட்டது. போப்பின் ஆட்சிப் பகுதியில் ஓடிய முதல் ரயில் அதுதான். ஆனால் திவோலியிலிருந்து ஃபிராஸ்காத்திக்கு நேர் ரயில் கிடையாது; ரோமுக்குத் திரும்பி வந்து மாற வேண்டும். காரில் அது முக்கால் மணி நேரம். ஆக, காருக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒரு குறுக்குப் பயணத்துக்காகத்தான். இரண்டில் ஒரு ஊர் போதும் என்பவர்கள் ரயிலிலேயே போய் வரலாம், காசும் மிச்சம்.

இனி வரிசை. காலையில் முதல் வேலையாகத் திவோலியின் வில்லா கிரிகோரியானா. பெயரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். அது பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காட்டுப் பூங்கா. 1826-ல் அனியேனே ஆறு பெருகி ஊரின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு கத்தில்லோ மலையைக் குடைந்து இரட்டைச் சுரங்கம் வெட்டி, ஆற்றை ஊரைவிட்டு விலக்கித் திருப்பினார்கள். போப் பதினாறாம் கிரிகோரி காலத்தில், 1835-ல், வேலை முடிந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வரும் ஆறு சுமார் 120 மீட்டர் கீழே விழுகிறது. அதுதான் பெரிய அருவி. அதாவது நாம் பார்ப்பது ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் நீர் வெளியேறும் வாய். இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான எஃப்.ஏ.ஐ. சீரமைத்து 2005-ல் பூங்காவை மீண்டும் திறந்தது.

இங்கே பாதை முழுக்க இறக்கம், பிறகு முழுக்க ஏற்றம். அருவிச் சாரலில் கல் படிகள் ஈரமாகவே இருக்கும், பாசியும் உண்டு. செருப்பு, ஹவாய், வழுவழுப்பான அடிப்பாகம் கொண்ட ஷூ எதுவும் ஆகாது. மூடிய, பிடிப்புள்ள ஷூ வேண்டும். குழந்தையைத் தள்ளும் வண்டி பயன்படாது. முதுகில் சுமக்கும் பைதான் சரி. நின்று பார்த்துப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மூட்டுவலிக்காரர்களை இறக்கிவிட்டு, 'மெதுவாக வாருங்கள்' என்று சொல்வது கொடுமை. பாதி வழியில் திரும்பினாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் போகும் குயின்டிலியோ வாரோ சாலையில் கார் போகும். அருவியும், எதிரே பாறை விளிம்பில் நிற்கும் வட்ட வடிவ ரோமானியக் கோயிலும் அங்கிருந்து தெரியும். ஓட்டுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், மற்றவர்கள் கீழே இறங்கி ஏறும் நேரத்தில் பெரியவர்கள் இதைப் பார்த்துவிடலாம்.

அருவி என்றதும் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே குளிக்க முடியாது. தண்ணீரின் அளவும் நாளுக்கு நாள் மாறும். 1892-லேயே திவோலியின் நீர்விசையிலிருந்து ரோமுக்கு மாறுமின்னோட்டத்தைக் கம்பி வழியே அனுப்பினார்கள். ஆற்றின் ஒரு பகுதி இன்றும் மின் உற்பத்திக்குப் போகிறது. கோடைக் கடைசியில் அருவி மெலிந்திருந்தால் அது ஏற்பாட்டாளரின் குற்றமல்ல. முழு வீச்சில் பார்க்க ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை.

கிழமை முக்கியம். வில்லா கிரிகோரியானாவுக்குத் திங்கள் விடுமுறை. குளிர்காலத்தில் சில வாரங்கள் முழுவதுமாக மூடிவிடுவார்கள். அருவிக்கு அடுத்து நாம் பார்க்கப்போகும் வில்லா தெஸ்தே தோட்டமும் திங்களன்று பிற்பகலில்தான் திறக்கிறது. ஆகவே திங்களுக்கு யாராவது இந்தப் பயணத்தை விற்றால், அருவியை சாலையிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். வில்லா தெஸ்தேவும் அதில் சேரும். டிக்கெட் காசை மிச்சம் பிடித்து, கூட்டத்தில் நேரத்தைத் தொலைக்க விரும்புபவர்கள் அன்று போகலாம்.

அருவியிலிருந்து வில்லா தெஸ்தே நடக்கும் தூரம்தான். 1550-ல் திவோலியின் ஆளுநராக வந்த கார்டினல் இப்போலித்தோ தெஸ்தே அமைத்த தோட்டம் இது. வடிவமைத்தவர் பிர்ரோ லிகோரியோ. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான நீரூற்றுகள், பம்பு ஒன்றுகூட இல்லாமல் ஓடுகின்றன. ஊருக்கு அடியில் வெட்டிய கால்வாய் வழியாக அனியேனே ஆற்று நீர் தோட்டத்தின் உச்சிக்கு வருகிறது. மீதியை மேடு பள்ளம் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் தோட்டம் முழுக்கச் சரிவு, முழுக்கப் படி.

நேரம் பார்த்துப் போக வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது: ஆர்கன் நீரூற்று. மேலிருந்து விழும் நீர் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மூடிய அறைக்குள் இறங்குகிறது. அங்கே பிரியும் காற்று அழுத்தத்தோடு குழல்களுக்குள் ஏறுகிறது. நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, முளைகள் பதித்த உருளை சுற்றி எந்தக் குழல் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. காலை 10.30-லிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டும் வாசிக்கும். 12.30 வாசிப்பு நம் வரிசைக்குச் சரியாக வரும். அன்றைய நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னதாகப் போய் நீரூற்றின் எதிரே நிற்க வேண்டும். இசை தொடங்கிய பிறகு மேல்தளத்திலிருந்து ஓடி இறங்கினால் கேட்பது கடைசிச் சுரம்தான். நீரூற்றுகளில் ஓடுவது ஆற்று நீர். வாயில் வைக்கக் கூடாது, குழந்தைகள் முகம் கழுவவும் கூடாது.

இவ்வளவுக்கும் மேல் 'ஹாட்ரியன் மாளிகையும் உண்டு' என்று சிலர் சேர்த்து விற்கிறார்கள். ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் அந்த மாளிகை, அதாவது வில்லா அத்ரியானா, மலையடிவாரத்தில், நிழல் குறைந்த பரந்த வெளியில் கிடக்கும் இடிபாடு. நியாயமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் அருவி, தோட்டம், ஒயினோடு அதையும் திணித்தால் நாலில் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. வேண்டுமென்றால் அருவியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றேமுக்கால் வாக்கில் திவோலியிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பல உணவகங்களில் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு இரவுக்குத்தான். சைவர்கள் 'சென்ஸா கார்னே' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். ஆனால் பெக்கொரினோ ரொமானோ பாலாடைக்கட்டியில் பால் உறைய ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. அதைத் தவிர்ப்பவர்கள் 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு ஃபிராஸ்காத்தி. ஒயினை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுவைப்பில் ஒரு வகைக்கு 40 மில்லி ஊற்றுவார்கள் என்று வையுங்கள். 12.5 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 4 கிராம் ஆல்கஹால். ஐந்து வகை என்றால் 20 கிராம். சராசரி பெரியவரின் உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். நடுப்பகலில் குடித்தவரின் ரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அது இருக்கும். அதே நேரத்தில்தான் நிரல்படி அவர் ஈரப் பாறைப் படிகளில் இறங்கிக்கொண்டிருப்பார். தடுமாற்றம், வெயில், உடலில் நீர் குறைவு மூன்றும் சேர்ந்துகொள்ளும். வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். போதாக்குறைக்குப் பூங்காவில் கடைசி நுழைவு நேரமும் தவறிப்போகும்.

ஃபிராஸ்காத்தி வெள்ளை ஒயின். எரிமலை மண்ணில் விளையும் மால்வாசியா திராட்சைதான் முதன்மை. 1966-லேயே டி.ஓ.சி. தரச்சான்று பெற்ற பகுதி இது. 2011 முதல் ஃபிராஸ்காத்தி சுப்பீரியோரே, இனிப்பான கன்னெல்லினோ இரண்டுக்கும் அதற்கு மேலான டி.ஓ.சி.ஜி. தரம் உண்டு. கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். உள்ளங்கைச் சூடு பட்டால் குளிர்ந்த வெள்ளை ஒயின் சட்டென்று தட்டையாகிவிடும். வெள்ளைத் தாள் எதிரே சாய்த்து நிறம் பாருங்கள், சுழற்றுமுன் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். சின்ன மிடறை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் காற்றை உள்ளிழுத்தால் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். விழுங்கிய பின் நாக்கின் பின்பகுதியில் பாதாம் போல மெல்லிய கசப்பு நின்றால் அது குறையல்ல. இந்த ஒயினின் அடையாளமே அதுதான். கன்னெல்லினோ கடைசியில்தான் வர வேண்டும். இனிப்பை முதலில் தொட்டுவிட்டால் அதற்குப் பின் வரும் நல்ல ஒயினும் புளித்த தண்ணீராகத்தான் தெரியும்.

மேஜையில் இருக்கும் காலிப் பாத்திரம் துப்புவதற்குத்தான். நம்மவர்களுக்கு இதில் பெரிய கூச்சம். அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை, தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குடிக்காதவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் எத்தனை பேர் என்று முன்பதிவிலேயே சொல்லிவிட்டால், அவர்களுக்குச் சுவைப்புக் கட்டணம் போடாத இடங்கள் உண்டு. சொல்லாமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிடுவார்கள். மென்பாறையைக் குடைந்த நிலவறைகள் ஆகஸ்டிலும் குளிரும். ஒரு சால்வை இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பார்க்க அழகு, ஆனால் நின்று விளக்க ஆள் இருக்காது.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலியில் ஓட்டுபவருக்கு ஆல்கஹால் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் பூஜ்யம். 0.5-க்கு மேல் 0.8 வரை பிடிபட்டால் 543 முதல் 2,170 யூரோ வரை அபராதம், கூடவே உரிமம் நிறுத்திவைப்பு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ரோமின் நடுப்பகுதியில் அனுமதியற்ற வண்டிகளைக் கேமராவே படம் பிடிக்கும். நோட்டீஸ் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். சுவைக்கப் போகிறவர் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஓட்டுநரோடு வரும் கார், அப்படி வாடகைக்கு விடுவதற்கான 'என்.சி.சி.' எனப்படும் இத்தாலிய உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். வண்டியில் அந்த எழுத்துகள் இருக்கும். அந்த ஓட்டுநர்களுக்கும் ஆல்கஹால் வரம்பு பூஜ்யம்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரப் பேக்கேஜை வாங்கினால் கடைசியில் கூடுதல் நேரக் கட்டணத்துக்கு வாக்குவாதம் வரும். பத்து மணி நேரமாகப் பேசுங்கள். சுங்கம், பார்க்கிங், இரண்டு நுழைவுச் சீட்டு, சுவைப்புக் கட்டணம் ஆகியவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள். குழந்தை இருக்கை வேண்டுமானால் வயதை அல்ல, எடையையும் உயரத்தையும் சொல்லுங்கள். சாதாரணக் காரில் நாலு பெட்டியோடு நாலு பேர் ஏற முடியாது. அன்றே ஹோட்டல் மாறுகிறீர்கள் என்றால் வேன் கேட்க வேண்டும். திபுர்தினா சாலை வழியாகப் போனால் பாஞ்ஞி தி திவோலி அருகே அழுகிய முட்டை நாற்றம் வரும். ஏ.சி. கெட்டுவிட்டதென்று ஓட்டுநரைக் கோபிக்க வேண்டாம். அது அங்குள்ள கந்தக ஊற்று.

பாட்டில் வாங்குபவர்களுக்கு: இந்தியாவுக்குத் தீர்வையின்றிக் கொண்டுவர ஒரு பெரியவருக்கு 2 லிட்டர்தான் அனுமதி. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது பாட்டில் வரம்பைத் தாண்டும். கைப்பையில் ஏற்ற மாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். பாட்டிலை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கக் கட்டி, பிறகு ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில், ஓரத்தைத் தொடாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்