நான் வரும்வரை அந்த அடிமரத்தைத் தொடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, படியேற முடிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. புயலில் சாய்ந்த மரத்தை நீயே அறுக்கப் போகிறாய், அதற்காகச் செயின்சா, அதாவது எஞ்சினில் ஓடும் செயின் ரம்பம், வாங்கிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய்.

வாங்கியது தப்பில்லை. நானும் பல வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதில் எனக்கு நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. வாங்கிய இரண்டாம் வருடம், தரையில் கிடந்த ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தேன். செயின் ஓடும் நீளத் தகட்டின் முனை, கிளைக்குப் பின்னால் கிடந்த இன்னொரு கட்டையில் பட்டுவிட்டது. பட்டது என்பதே பிறகுதான் புரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ரம்பம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. செயின் மட்டும் ஓடவில்லை. முன்பிடிக்கு எதிரே நிற்கும் கைத்தடுப்பில் என் இடது மணிக்கட்டு இடித்து, பிரேக் பிடித்திருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அந்தக் கட்டை மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கேட்டுக்கொள். செயின் தகட்டின் மேல்பக்கமாக முன்னால் போய், முனையில் வளைந்து கீழே திரும்புகிறது. அந்த வளைவின் மேல்பாதி எதிலாவது பட்டால் பல் மாட்டிக்கொள்கிறது. நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த செயினின் வேகம் முழுக்க, ரம்பத்தையே மேலே தூக்கி உன்னை நோக்கி அடிக்கிறது. நீ சுதாரிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். அதனால் 'கவனமாக இருந்தால் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதே. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுப்பதற்கு முன் நீ எப்படிப் பிடித்திருக்கிறாய், எங்கே நிற்கிறாய் என்பதுதான் உன்னைக் காப்பாற்றும்.

நீ இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கைகளை மாற்றிப் பிடிக்காதே. வலதுகை பின்பிடியில், இடதுகை முன்பிடியில். இடதுகைக் கட்டைவிரல் முன்பிடியின் அடியில் சுற்றி வந்து இறுக்க வேண்டும். மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்தால் ரம்பம் எகிறும்போது பிடி நழுவிவிடும். கையை மாற்றினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரம்பத்தின் செயின் வலப்பக்கம் இருக்கிறது, முறையாகப் பிடித்தால் உன் உடம்பு வெட்டின் நேர்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகி நிற்கும். மாற்றிப் பிடித்தால் நீயே அந்தக் கோட்டில் போய் நிற்பாய். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டவே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யும்போது தரையில் வை, பிரேக் போட்டிருக்கட்டும். வலது காலின் முன்பாதத்தைப் பின்பிடிக்குள் நுழைத்து மிதித்துக்கொள். இடதுகையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழு. சிலர் ஒரு கையில் தொங்கவிட்டபடி சுண்டி இழுப்பார்கள், பார்க்கவே பதறும். ஓட ஆரம்பித்ததும் மணிக்கட்டால் கைத்தடுப்பைத் தள்ளிப் பார், செயின் சட்டென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அப்புறம், பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகுதான்.

மரத்திலிருந்து சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி உதிர்ந்தால் மழுங்கிவிட்டது. அப்போது நீ அழுத்தத் தொடங்குவாய், அழுத்தினால் சமநிலை போய்விடும். உடனே அரம் எடு. இந்தப் பல்லின் வடிவத்துக்கு ஒரு புழுதான் காரணம் என்று தெரியுமா? ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி, வண்டின் புழு இடமும் வலமுமாக மரத்தைக் குடைவதைக் கவனித்துவிட்டு, 1947இல் இந்த மாதிரிச் செயினைக் கொண்டுவந்தார். அரம் போடும்போதெல்லாம் எனக்கு அந்தப் புழு நினைவுக்கு வரும்.

சரி, உன் மரத்துக்கு வருகிறேன். சாய்ந்து கிடக்கும் மரம் சும்மா கிடப்பதாகத் தோன்றும், ஆனால் அதன் ஒவ்வொரு கிளையும் வில் மாதிரி வளைந்து நிற்கிறது. இரண்டு முனையும் தாங்கலாக இருந்தால் மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் அப்படியே தலைகீழ். அமுங்கிய பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இழுபட்ட பக்கத்தை முதலில் தொட்டால் கிளை பிளந்துகொண்டு முகத்தில் அடிக்கும். எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் ஒரு கிளையிலும் கை வைக்காதே.

எனக்குப் பெரிய பயமே அடிமரம்தான். வேரோடு பெயர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். வேரும் மண்ணுமாகச் சுவர் போல நிற்கும் அந்தத் தூரைச் சாய்த்துப் பிடித்திருப்பது தண்டின் பாரம்தான். தண்டை அறுத்த மறுகணம் அது எழும்பித் திரும்பவும் குழிக்குள் உட்கார்ந்துவிடும், அப்போது குழிப்பக்கம் நிற்பவர் யாராக இருந்தாலும் நசுங்கிப் போவார். குழந்தைகளை இன்றைக்கே அந்தப் பக்கம் போகவிடாமல் கயிறு கட்டிவிடு.

அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். அதுவரை சின்னக் கிளைகளைக் கைரம்பத்தாலேயே கழித்து வை. காதடைப்போடு சேர்ந்த தலைக்கவசம் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஆப்புகளும் இருக்கின்றன. காலுக்குக் கவசம் உனக்கும் வேண்டும். அதில் செயின் பட்டால் உள்ளிருக்கும் நார் இழுபட்டு, பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். இடுப்பளவையும் கால் உயரத்தையும் மறக்காமல் எழுது, வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி