லட்டுவுக்கு அந்த மருந்து வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். செவலைப் பசு போன வெள்ளிக்கிழமை கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. சீம்பால் காய்ச்சும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

உன் பூனைக்குட்டி லட்டுமேல் பேன் ஓடுகிறது என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை இரவு மருந்துக் குழாய் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். "கூட இருக்கிறவளோட நாய்க்கு வாங்கினது பாதி மிச்சம் இருக்கும்மா, லட்டுக்கு நாலு சொட்டு விடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். படத்தைப் பெரிதாக்கி அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். சின்ன எழுத்தில் பெர்மெத்ரின் என்று இருந்தது. பூனைக்கு ஆகாத பூச்சிக்கொல்லி அது. உடனே உன்னைக் கூப்பிட்டு, போடாதே, கையைக் கழுவு என்று கத்திவிட்டேன். "ஏம்மா இப்படிப் பதறுறே?" என்றாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக வராத வாய் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பூனை வெள்ளச்சியை நினைவிருக்கிறதா? 2004, மாசி மாதம். நீ நாலாம் வகுப்பு. உன் புத்தகப் பையை விரித்துப் போட்டால் அதன்மேல்தான் அவள் தூங்குவாள். அப்போது உன் கணுக்கால் இரண்டிலும் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிவாய். வெள்ளச்சியின் வால் அடியில் முடியை விலக்கிப் பார்த்தால் தெள்ளுப் பூச்சி சரசரவென்று ஓடியது. பரணில் மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருந்தது. மாட்டுக்கு என்றால் வாளித் தண்ணீரில் கலந்து தெளிப்போம். பூனைக்குத் தண்ணீர் ஆகாதே, குளிப்பாட்டினால் மிரளுமே என்று நினைத்து, பஞ்சில் மருந்தை நனைத்துத் தண்ணீர் கலக்காமலே உடம்பெல்லாம் தேய்த்தேன். அவளும் மடியில் சமர்த்தாக இருந்தாள். தெள்ளு பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

அவள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து உடம்பை நக்கத் தொடங்கினாள். பூனைக்குப் பூசுகிற எதுவும் அதன் வயிற்றுக்குப் போய்விடும், பாப்பா. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு காது மட்டும் துடித்தது. ஈ உட்கார்ந்தால் துடிக்குமே, அந்த மாதிரி. அப்புறம் நடக்கும்போது ஈரத்தில் கால் வைத்தவள்போல் ஒவ்வொரு பாதத்தையும் உதறினாள். வாயில் எச்சில் ஒழுகியது. பத்து மணிக்கு உடம்பு முழுக்க நடுக்கம். தொட்டால் அனலாகக் கொதித்தது. பிறகு வலிப்பு. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டு டாக்டரின் கதவைத் தட்டினார், அவர் ஊரில் இல்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய்.

காலையில் நீ அழுதபோது, "பின்வீட்டில் எலிக்கு மருந்து வச்சிருந்தாங்களே, அதைத் தின்னிருக்கும்" என்று அப்பா சொன்னார். உன்னைத் தேற்றுவதற்காக அந்த நேரத்தில் அவருக்கு வந்த வார்த்தை அது. பின்வீட்டுப் பெரியம்மா உளுந்துக் குலுக்கைக்குப் பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தது உண்மைதான். நான் மறுக்கவில்லை. அறிவியல் பாடம் நடத்துகிற டீச்சர், சொந்தப் பிள்ளைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து நீ பெரியம்மா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. எத்தனையோ நாள் அவர் கையால் கருப்பட்டியும் தேங்காய்ச் சில்லும் வாங்கித் தின்ற பிள்ளை நீ. வெள்ளச்சியைக் கொன்றது நான்.

ஒரு மாதம் கழித்துக் கால்நடை மருந்தகத்துக்குப் பசுவை ஓட்டிப் போனபோது டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். மாடும் நாயும் இந்த பெர்மெத்ரின் வகை மருந்தை ஈரலில் உடைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அப்படி உடைக்கிற நொதி ஒன்று பூனையிடம் வேலை செய்வதில்லை. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, புலி, சிங்கம் உட்பட அந்தக் குடும்பத்துக்கே இந்தக் குறை உண்டு. கறியை மட்டுமே தின்று வளர்ந்த இனம், செடிகொடிகளின் நஞ்சை முறிக்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை என்கிறார்கள். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும், அதுவும் இதே காரணத்தால்தான். எனவே நாய் மருந்தில் பாதி, கால்வாசி என்று குறைத்துப் போட்டால் போதும் என்கிற கணக்கே தப்பு. நாய்க்கு விடுகிற அந்தச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் அடர்த்தியாக இருக்கும். சில சொட்டே பூனைக்கு அதிகம்.

மருந்து அட்டையில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று "த்ரின்" என முடிகிற பெயரைப் பார்த்தால் லட்டுவுக்கு வேண்டாம். நாய் உண்ணிக்குக் கலந்து தேய்க்கிற அமிட்ராஸும் வேண்டாம். தோழியிடமும் சொல்லிவை. அவள் தன் நாய்க்கு அந்த மருந்தைப் போட்டால் மூன்று நாளைக்கு லட்டுவை நாயோடு ஒட்டிப் படுக்க விடக்கூடாது, நாயை நக்கவும் விடக்கூடாது. பெர்மெத்ரின் இல்லாத வேறு மருந்து நாய்க்கும் கிடைக்கும், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி லட்டு விஷயம். நீ பேன் என்று எழுதியிருந்தாய். அது பேன் இல்லை, உண்ணியும் இல்லை. குதித்து ஓடுகிறது என்றால் தெள்ளுதான். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கி விரித்து, அதன்மேல் லட்டுவை நிறுத்திச் சீவு. மிளகுத் தூள் மாதிரிக் கறுப்பாக உதிரும். அது ஈரத்தில் கரைந்து செங்காவி நிறமாகப் பரவினால் தெள்ளின் எச்சம், அதாவது லட்டுவின் ரத்தம். பரவாமல் கறுப்பாகவே கிடந்தால் வெறும் தூசி.

சீவுவதற்குக் கடையில் தனிச் சீப்பு உண்டு. அது கிடைக்கும்வரை நம் வீட்டுப் பேன் சீப்பே போதும், லட்டுவுக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடு. கழுத்து, தாடைக்கு அடி, வால் தொடங்குகிற இடம், இந்த மூன்றிலும்தான் தெள்ளு அடையும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாத்திரம் துலக்குகிற சோப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு, சீப்பை ஒவ்வொரு தடவையும் அதில் முக்கு. நகத்தால் நசுக்காதே. நாடாப்புழுவின் குஞ்சு தெள்ளுக்குள் இருக்கும். சீவியதும் கொஞ்சம் மீனோ கோழியோ கொடுத்தால் மறுநாள் அதுவாகவே மடிக்கு வரும்.

மருந்துக்கு டாக்டரிடம் போவதுதான் சரி. பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்துகளில் பிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோப்ரிட் என்று பெயர் இருக்கும். வயதும் எடையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எடை பார்ப்பது எளிது. லட்டுவைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நில், பிறகு நீ மட்டும் நில், கழித்துப் பார். இந்த மருந்துகளைப் பொதுவாக எட்டு வாரம் நிரம்பிய குட்டிக்குத்தான் போடுவார்கள். லட்டுவுக்கு நாலு மாதம் என்கிறாய், அதனால் கவலை இல்லை. பிடரியில் மண்டை ஓடு முடிகிற இடத்தில், நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து முடியை வகிர்ந்து, தோல் தெரிகிற இடத்தில் விட வேண்டும். முடிமேல் விட்டால் வீண். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது.

சமையலறை வைத்தியம் எதையும் நம்பிவிடாதே. உன் பெரியப்பா மகள் வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள் என்றாயே, வேண்டாம். கற்பூரம், பாச்சை உருண்டை, டீ ட்ரீ எண்ணெய் மூன்றும் பூனைக்கு விஷம். பூண்டைச் சாப்பாட்டில் கலந்தால் தெள்ளு ஓடும் என்பார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். தரை துடைக்கக் கறுப்பு பினாயில் ஊற்றுகிற பழக்கத்தையும் விடு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குகிற பிராணி அது.

மருந்து போட்ட பிறகும் தெள்ளு கண்ணில் படும். அப்போது மனசு விட்டுவிடாதே. பட்டுப்பூச்சிப் பாடம் நடத்தும்போது பலகையில் வட்டம் போட்டு வரைவேனே, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று, தெள்ளுக்கும் அதே நாலு நிலைதான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டை வரை போடும். முட்டை பூனைமேல் ஒட்டாமல் உதிர்ந்து, லட்டு படுக்கிற இடமெல்லாம் சிந்தும். வீட்டில் இருக்கிற மொத்தத் தெள்ளில் பூனைமேல் இருப்பது நூற்றுக்கு ஐந்துதான் என்பது பொதுவான கணக்கு. மீதி சோபா இடுக்கிலும் கட்டிலடியிலும் கால்மிதியிலும் முட்டையாக, புழுவாக, கூடாகக் கிடக்கிறது. புழு வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டுக்குள் போய், அந்த மிளகுத் தூள் எச்சத்தையே தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான கூடு கட்டி அதில் தூசியைப் பூசிக்கொள்ளும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் அண்டாது. பல மாதம் அப்படியே கிடந்து, யாராவது நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் திறந்ததும் காலில் மொய்த்தது என்றாயே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே டாக்டர் சொல்கிற இடைவெளியில் மூன்று மாதமாவது விடாமல் மருந்து போட வேண்டும். லட்டுவின் துண்டு, உன் போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வாஷிங் மிஷினில் 60 டிகிரி சூட்டில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போடு. சென்னை வெயில் இதற்காவது உதவட்டும். வேக்குவம் கிளீனர் இருந்தால் சோபாவின் இடுக்கு, சுவர் ஓரம் எல்லாம் இழுத்து, குப்பையை அப்போதே பையில் கட்டி வெளியே போட்டுவிடு. மூலையில் வைத்தால் அங்கேயே பொரிக்கும். லட்டுவின் ஆசனவாய்ப் பக்கம் அரிசிமணிபோல, வெள்ளரி விதைபோல ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழு, அதற்குத் தனி மாத்திரை கேட்டு வாங்கு.

பக்கத்தில் எங்கே டாக்டர் இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து வை, அவசரம் வந்த பிறகு தேடாதே. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-இல் தொடங்கியது, அங்கே ஆஸ்பத்திரியும் உண்டு. யார் தவறாலோ ஆகாத மருந்து லட்டுமேல் பட்டுவிட்டால், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பைக் கரைத்து நன்றாகக் கழுவு. கொதிக்கிற தண்ணீர் கூடாது. துடைத்துத் துண்டில் சுற்றி, மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆட்டோ பிடி. வாந்தி எடுக்க வைக்காதே, பால் ஊற்றாதே. நடுக்கம் தொடங்கட்டும் என்று காத்திராதே. சில மணி நேரத்திலும் வரும், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்க வைக்கிறார்கள். காது துடித்ததைப் பார்த்தபோதே வெள்ளச்சியை நான் கழுவியிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் போனது.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. முறத்தில் உளுந்தைத் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றுவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர். அன்னைக்கு எடுத்துப் போட்ட எலி மருந்தை இதுவரைக்கும் வீட்டுக்குள்ள கொண்டாரல" என்றார். குலுக்கையைச் சுற்றி எலி அரித்த ஓட்டை எல்லாம் சிமெண்டால் அடைத்துக் கிடந்தது. இத்தனை வருஷமாக அவர் வீட்டு உளுந்தை எலிக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் எழுந்து வரும்போது, "பாப்பா பூனை வளக்குதா? என்ன நிறம்?" என்று கேட்டார். ஆரஞ்சு நிறம் என்றேன்.

பொங்கலுக்கு லட்டுவையும் கூடையில் வைத்துக் கொண்டுவா. பெட்டியை நம் வீட்டில் வைத்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போ. அவர் தடவிப் பார்க்கட்டும். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழாயை இன்றைக்கே தோழியிடம் கொடுத்துவிட்டு, லட்டுவின் எடையைப் பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா