பால்கனியில் இரண்டு இடம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க என் மனதை விட்டுப் போகவில்லை. "பாட்டை விட்டவளுக்கு மியூசிக் அகாடமியில் என்னம்மா வேலை? டிசம்பரில் வந்தாலும் நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்றாய். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில், ஒரு சபாவின் போட்டியில், அத்தனை பேர் எதிரில் நடுவர் உன் குரலைப் பற்றிச் சொன்னதைக்கூட நீ தாங்கிக்கொண்டாய். வீட்டுக்கு வந்ததும் நான்தான், "இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணியிருக்கலாம்" என்றேன். மறுநாளே சுருதிப்பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது. அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த அரங்கம் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னார்கள்? 1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதில் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்டில் தொடங்கி வைத்த சி.பி. ராமசாமி ஐயர் வக்கீல். முதல் தலைவர் யு. ராமராவ் டாக்டர். இ. கிருஷ்ணய்யரும் வக்கீல்தான். சதிர் (பரதநாட்டியத்துக்கு அப்போது அதுதான் பெயர்) என்றாலே ஊர் முகம் சுளித்த நாளில், 1931-ல், கல்யாணி அம்மாளின் மகள்களை அகாடமியில் ஆடவைக்க முன்னே நின்றவர் அவர். அரங்கத்துக்கே பெயராகிவிட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர். இவர்களில் யாரும் கச்சேரி பண்ணிப் பிழைத்தவர்கள் இல்லை, கேட்கத் தெரிந்தவர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பந்தலிலும் அடுத்தவர் மண்டபத்திலும் கச்சேரி நடத்திவிட்டு, 1955-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1962-ல்தான் சொந்த அரங்கம் திறந்தார்கள். திறந்து வைத்த மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் மட்டும் கிருதிகள் இயற்றியவர்.

போன டிசம்பரில் பால்கனியில் எனக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி. தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கத்தின் தனி வாசிப்பு, ஆரம்பித்ததும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போனார்கள் (எனக்கு இது எப்போதும் பொறுக்காது, மிருதங்கக்காரருக்கு எப்படி இருக்கும்!). பாட்டி அசையவில்லை. மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். தொடைமேல் புடவையே கசங்காமல், மூன்றும் நாலுமாக உள்ளங்கை விழுந்துகொண்டே இருந்தது. தாளக் கோர்வை முடிந்து பாட்டின் பல்லவியை மறுபடி எடுத்த இடத்தில் கை சரியாக வந்து நின்றது. பக்கத்தில் ஒருவர், "நீங்கள் பாடுவீர்களா?" என்று கேட்டார். "இல்லை, கேட்பேன்" என்றார். அவ்வளவு நிமிர்ந்து சொன்னார்.

எனக்கு உன் ஒன்பது வயது ஞாபகம் வந்தது. அதே பால்கனியில் என் காதில், "கேதாரகௌளை மாதிரி இருக்கும்மா, ஆனா அது இல்ல" என்றாய். அது நாராயணகௌளை ராகம். எனக்கே தெரியவில்லை, அப்பாதான் சொன்னார். அந்தக் காதை எந்த நடுவரும் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

டிக்கெட் விற்க ஆரம்பித்த அன்றே போய் பால்கனியில் இரண்டு இடம் வாங்கிவிடுவேன். காலை எட்டு மணிக்கு லெக்-டெம் (பாடிக் காட்டி விளக்கும் சொற்பொழிவு) இலவசம், அதற்கு கோபாலபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எழுந்திருக்க முடியவில்லை என்றால் சாயங்காலம் மட்டும் போதும். என் முழங்கால் இப்போது படி ஏற மறுக்கிறது, அதனால் கச்சேரிக்கு அரைமணி முன்னாலேயே கிளம்ப வேண்டும். அந்த நீலச் சால்வையை எடுத்து வா. உள்ளே ஏசி குளிரும்.

அன்புடன்,
அம்மா